சுவரும் சில்லும்

எகிப்தியச் சித்திரங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர் சொன்னார்: "ஒன்றைப் பார்த்தால் போதும், எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். முகம் ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம். மூவாயிரம் வருஷம் ஒரே ஆளையே திரும்பத் திரும்பப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதுவும் செத்துப்போன ஆளை!"

நண்பர் சித்திரக் கலையில் ஈடுபாடு உள்ளவர். எதையும் அலட்சியமாகச் சொல்லிவிடுகிற மனிதர் அல்ல. அவருக்குப் பதில் சொல்ல அன்று எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. எனக்குமே பல காலம் ஏறக்குறைய அந்த அபிப்பிராயம்தான் இருந்தது. நான் எகிப்துக்குப் போனவன் அல்ல. புத்தகங்களில் வந்த படங்களைப் பார்த்தும், ஆராய்ச்சியாளர்கள் எழுதியதைப் படித்தும் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். ஆனால் நாளாக ஆக, அந்தப் படங்களை நான் தவறான கேள்வியோடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பட்டது. 'அழகாக இருக்கிறதா?' என்று கேட்டேன். 'இது என்ன காரியம் செய்கிறது?' என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

எகிப்தியக் கல்லறைச் சித்திரம் பார்ப்பதற்காகப் போடப்பட்டதல்ல. மேலே உள்ள வழிபாட்டு அறைக்குப் பண்டிகை நாட்களில் உறவினர்கள் வந்து போவதுண்டு. ஆனால் சடலத்தை வைத்த கீழறையை அடைத்து முத்திரை வைத்துவிட்டால் அப்புறம் அங்கே எந்தக் கண்ணும் நுழையக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. இருட்டுக்காக ஒருவன் சித்திரம் போடுகிறான். அதுவும் அவசரமாக அல்ல. மீனின் செதிலையும் கோதுமைக் கதிரையும் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, சிரத்தையோடு போடுகிறான். ஏன் என்று கேட்டால், அவனைப் பொறுத்தவரை அது வெறும் படமில்லை. வரைந்தது இருக்கும், எழுதியது நடக்கும். இந்த ஒரு நம்பிக்கையைப் புரிந்துகொண்டால் எகிப்தியக் கலையில் பாதி விளங்கிவிடும்.

அவர்கள் மொழியில் சிற்பிக்கு உள்ள பெயர்களில் ஒன்றுக்கு 'உயிரோடு வைப்பவன்' என்று அர்த்தம். சிலையைச் செய்து முடித்த பிறகு அதற்கு 'வாய் திறக்கும்' சடங்கு ஒன்று உண்டு. தச்சர்கள் கையாளும் வாய்ச்சியைப் போன்ற ஒரு கருவியால் உதட்டைத் தொட்டால் சிலை சாப்பிடவும் மூச்சு விடவும் தகுதி பெற்றுவிடும். சடலத்துக்கும் இதே சடங்குதான். இதைவிட ஒரு சான்று என்னை உலுக்கியது. கி.மு. 2350 வாக்கில் ஊனாஸ் அரசன் காலத்திலிருந்து பிரமிடுகளுக்குள் மந்திரங்களைப் பொறிக்கத் தொடங்கினார்கள். எகிப்திய எழுத்தே படம்தானே! பாம்பும் பறவையும் மனிதனும் எழுத்தாக வருவார்கள். அந்தப் பிரமிடு மந்திரங்களிலும் பிற்காலத்துச் சவப்பெட்டிகளிலும் சில இடங்களில் பாம்பு எழுத்தைத் துண்டாக்கியே எழுதியிருக்கிறார்கள். பறவைக்குக் காலில்லை, மனிதனுக்குப் பாதி உடம்பு இல்லை. எழுத்து உயிர் பெற்று அருகில் கிடக்கும் பிணத்தைக் கடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்! எழுத்தின் சக்தியைப் பற்றி நாங்கள் மேடைகளில் எத்தனையோ பேசுகிறோம். ஆனால் எழுதிய பாம்பு கடிக்கும் என்று நம்பி எழுதியவர்கள் அவர்கள்தான்.

இதை ஏற்றுக்கொண்டால், நண்பர் கேலி செய்த அந்தக் கோணல் உடம்புக்கும் நியாயம் கிடைத்துவிடுகிறது. மூக்கு பக்கவாட்டில்தான் சரியாகத் தெரியும். கண் நேரே பார்த்தால்தான் முழுசாக இருக்கும். தோள் இரண்டும் வேண்டும். கால் இரண்டும் வேண்டும். இருந்த இடத்திலிருந்து பார்த்தபடி போட்டால் ஒரு கை மறைந்துபோகும். மறைந்த கை மறு உலகத்தில் இல்லாத கை. ஆகவே எதையும் மறைக்காமல், ஒவ்வொரு அங்கத்தையும் அது நன்றாகத் தெரிகிற பக்கத்திலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். நின்ற உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் மயிர் தொடங்கும் இடம் வரை 18 கட்டம் என்று கணக்கு. நெபாமுன் என்பவனுடைய கல்லறையிலிருந்து எடுத்த, கி.மு. 1350 வாக்கைச் சேர்ந்த ஒரு தோட்டச் சித்திரம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. குளத்தை மேலிருந்து பார்த்தபடி போட்டிருக்கிறார்கள். அதிலுள்ள மீன், வாத்து, அல்லி எல்லாம் பக்கவாட்டில். சுற்றி நிற்கும் மரங்களும் அப்படியே. நம் கண்ணுக்குக் குழப்பம். ஆனால் அதில் ஒரு மீன் குறையவில்லை, ஒரு மரம் மறையவில்லை. அது தோட்டத்தின் தோற்றமல்ல. தோட்டத்தின் சொத்துப் பட்டியல். செத்தவன் கையில் ஒப்படைக்கிற பத்திரம்.

இந்தக் கலையின் உச்சமாக ஒரு சின்ன அறையைத்தான் நான் சொல்வேன். லக்ஸருக்கு எதிர்க் கரையில் தெய்ர் எல்-மெதினா என்று ஓர் ஊர். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து, பூசி, வண்ணம் தீட்டிய தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த ஊர் அது. அவர்களில் ஒருவன் சென்னெஜெம், கி.மு. 1280 வாக்கில் வாழ்ந்தவன். பகலெல்லாம் அரசனுக்குக் குழி வெட்டியவன், ஓய்வு நேரத்தில் தன் குடும்பத்துக்கும் ஒன்று ஏற்பாடு செய்துகொண்டான். 1886-ல் அதைத் திறந்தபோது யாரும் கொள்ளையடிக்காமல் அப்படியே இருந்தது. அவன், அவன் மனைவி ஈநெஃபெர்தி, மகன் கோன்ஸு என்று மொத்தம் இருபது பேர் உள்ளே இருந்தார்கள். சாமான்கள் கெய்ரோ, நியூயார்க் என்று பல ஊர்களுக்குச் சிதறிவிட்டன. சுவர் மட்டும் இடத்தில் இருக்கிறது. ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் உள்ள அந்த அறையின் ஒரு சுவரில் 'நாணல் வயல்' என்ற மறு உலகம். சுற்றிலும் நீல நிறத்தில் வாய்க்கால். சென்னெஜெம் ஏர் ஓட்டுகிறான்; பின்னால் ஈநெஃபெர்தி விதை தூவுகிறாள். இன்னொரு வரிசையில் அவன் கதிர் அறுக்கிறான், அவள் பின்னாலேயே வருகிறாள். கீழே பேரீச்ச மரங்கள், பூச்செடிகள்.

இருவரும் மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி உடுத்தியிருக்கிறார்கள்! ஏர் பிடிக்கிறவன் இப்படியா உடுத்துவான்? சேறு தெறிக்காதா? இங்கேதான் அந்தச் சித்திரத்தின் ஏக்கம் முழுதும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உழைத்துப் பிழைத்த மனிதனுக்கு உழைப்பே இல்லாத சொர்க்கத்தைக் கற்பனை செய்ய முடியவில்லை. அழுக்குப் படாத உழைப்பு, மனைவி கூடவே இருக்கும் உழைப்பு, விளைச்சல் பொய்க்காத உழைப்பு, அவ்வளவுதான் அவன் கேட்டது. ஆனாலும் மனிதன் மனிதன்தான். மறு உலகத்தில் வேலைக்குக் கூப்பிட்டால் தனக்குப் பதிலாக 'இதோ நான்' என்று எழுந்து போவதற்குச் சின்னச் சின்னப் பொம்மைகளையும் கூடவே வைத்துக்கொண்டார்கள். உஷப்தி என்று பெயர். சென்னெஜெம் குடும்பத்தின் கல்லறையிலும் அவை இருந்தன. 1922-ல் கண்டெடுத்த தூத்தங்காமுன் அரசனின் கல்லறையிலோ 413 பொம்மைகள்! சொர்க்கத்திலும் வயல் வேலை உண்டு. வசதி உள்ளவன் அதற்கும் ஆள் வைத்துக்கொள்ளலாம். இந்த முரணை அவர்கள் மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை.

இது வரையில் நான் எகிப்தியக் கலைஞனின் வக்கீல். இனிமேல்தான் என் தகராறு ஆரம்பமாகிறது.

ஒஸிரிஸின் சபையில் நடக்கும் விசாரணையை எல்லாரும் பார்த்திருப்பார்கள். எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் அந்தப் படம் வரும். தராசின் ஒரு தட்டில் செத்தவனின் இருதயம். மறு தட்டில் மாத் என்ற சத்திய தேவதையின் இறகு. நரி முகம் கொண்ட அனுபிஸ் தராசைச் சரிபார்க்கிறான். நாரை முகம் கொண்ட தோத் எழுதுகோலோடு நிற்கிறான். பக்கத்திலேயே அம்மித் என்ற பிராணி: முதலைத் தலை, சிங்கத்தின் முன்னுடல், நீர்யானையின் பின்னுடல். இருதயம் பாவத்தால் கனத்தால் அதன் வாய்க்கு இரை. மனிதனின் நடத்தையைத் தராசில் வைத்துப் பார்க்கும் இந்தக் கற்பனை, மனித குலத்தின் பெரிய கற்பனைகளில் ஒன்று. சந்தேகமில்லை. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல காட்சி எங்கே கிடைக்கும்?

ஆனால் ஒரு குறை. அம்மித் சாப்பிட்டதே இல்லை.

ஹூநெஃபெரின் ஏடு, ஆனியின் ஏடு என்று எதை எடுத்துப் பார்த்தாலும் தராசு சமமாகவே நிற்கிறது. அம்மித் வாயைத் திறந்து காத்துக்கொண்டே இருக்கிறது, பாவம். பெயர் குறிப்பிட்ட ஒரு மனிதனின் இருதயமாவது கனத்ததாகப் படம் இல்லை. இருக்கவும் முடியாது. வரைந்தது நடக்கும் என்றால், எவன் தன் தோல்வியைக் காசு கொடுத்து வரையச் சொல்வான்? இந்த ஏடுகள் முன்கூட்டியே தயாரித்துப் பெயருக்கு மட்டும் இடம் விட்டு விற்கப்பட்டதும் உண்டு. சுமார் 24 மீட்டர் நீளமுள்ள ஆனியின் ஏட்டிலேயே பல பகுதிகளில் பெயரைப் பின்னால் நிரப்பியிருப்பது தெரிகிறது. தீர்ப்பு எழுதித் தயாராக இருக்கிறது; குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் பெயர்தான் பாக்கி! இத்தனைக்கும் மேலே, சடலத்தின் மார்பில் வைக்கும் கல்வண்டு ஒன்று உண்டு. அதில் பொறித்த மந்திரம் இருதயத்தைப் பார்த்து, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறது. தன் மனசாட்சியின் வாயையே அடைக்கப் பார்க்கிறான் மனிதன். பொய் சொல்லாத சாட்சி ஒன்று தனக்குள்ளே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பயத்தை அத்தனை நேராக அறிந்தவர்கள், அதைத் தொடர்ந்து போகாமல் மந்திரம் சொல்லி மூடிவிட்டார்கள்.

இதற்கு மறுப்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழுகையை எகிப்தியர்கள் வரையாமல் இல்லை. ராமோஸின் கல்லறையில் கைகளை உயர்த்தி அழும் பெண்கள் கூட்டத்தை மறக்க முடியாது. ஆனால் அது இருப்பவர்களின் துக்கம். போனவனின் கதி அல்ல. அரசர்களின் கல்லறைகளில் பாதாள உலகச் சித்திரங்களும் உண்டு. தலை வெட்டுண்டு, தலைகீழாகத் தொங்கி, கொப்பரையில் வெந்து தண்டனை அனுபவிக்கிறவர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கும் சொந்தப் பெயர் இல்லை. பெயருள்ளவன் கடைத்தேறுகிறான், கெட்டவன் வெறும் கும்பல். பெயருள்ள ஒரு மனிதனுக்குக் கேடு வந்தது என்று சொல்லத் துணிகிற இடத்தில்தான் கதை பிறக்கிறது. அந்தத் துணிவு சுவருக்குக் கிடையாது.

அப்படியானால் எகிப்தியக் கலைஞன் உள்ளதை உள்ளபடி பார்க்கவே இல்லையா? பார்த்தான். பார்த்ததைச் சுவரில் போடவில்லை, குப்பையில் போட்டான்.

தெய்ர் எல்-மெதினாவில் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக் கற்சில்லுகளும் பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. மலையைக் குடையும்போது சிதறிய சில்லுதான் அவர்களுக்குக் காகிதம். கணக்கு எழுதவும், கடிதம் எழுதவும், கை பழகவும் அதுதான். இரண்டாம் ராம்ஸேஸின் நாற்பதாம் ஆண்டு ஆஜர்ப் பட்டியல் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. யார் யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று குறித்திருக்கிறார்கள். ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவன் பீர் காய்ச்சப் போயிருக்கிறான். ஒருவன் தன் தாயின் சடலத்துக்குத் துணி சுற்றப் போயிருக்கிறான். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் ஒரு சில்லு. கல் தச்சன் ஒருவன் உளியும் கொட்டாப்புளியுமாக வேலை செய்கிறான். வழுக்கைத் தலை, தடித்த மூக்கு, நாலு நாள் சவரம் செய்யாத முகவாய். வேலை மும்முரத்தில் வாய் திறந்துகிடக்கிறது. ப்ரூக்ளின் மியூசியத்தில் இன்னொன்று: எலி எஜமானைப் போல உட்கார்ந்திருக்கிறது, பூனை எதிரே நின்று பணிவிடை செய்கிறது. சுவரில் அரசனுக்கு நடக்கிற உபசாரம் சில்லில் எலிக்கு நடக்கிறது!

சுவரில் வெள்ளைத் துணியோடு ஏர் ஓட்டுகிறவர்களைப் போட்ட அதே ஊர்க் கைகள்தான் இந்தச் சவரம் செய்யாத முகத்தையும் போட்டன. மூன்றாம் ராம்ஸேஸின் 29-ஆம் ஆண்டில், கி.மு. 1157 வாக்கில், படியளப்பு வராமல் போனதால் இவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசி, துணியில்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை என்று முறையிட்டார்கள். எழுத்தில் பதிவான வேலை நிறுத்தங்களில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். அந்த விவரம் உள்ள ஏடு இத்தாலியில் தூரின் நகரத்தில் இருக்கிறது. ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பீர் என்று செத்தவர்களுக்கு ஓயாமல் எழுதிக் கொடுத்தவர்கள் தங்களுக்கு ஒரு மூட்டைத் தானியம் வரவில்லையே என்று உட்கார்ந்த காட்சி எந்தக் கல்லறைச் சுவரிலும் இல்லை. ஏட்டில்தான் இருக்கிறது.

அந்தத் தராசைச் சாய்த்துக் காட்டியதும் ஒரு கதைக்காரன்தான். கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்து ரோமானியர் கைக்குப் போன பிறகு, யாரோ ஒருவர் பழைய கிரேக்க நிலக் கணக்கு ஏட்டின் பின்புறத்தில் ஒரு கதையை எழுதி வைத்திருக்கிறார். இளவரசன் செத்னேயும் அவனுடைய சின்ன மகனும் மேலிருந்து பார்க்கிறார்கள். பணக்காரன் ஒருவனின் சவ ஊர்வலம் பெரும் ஆரவாரத்தோடு போகிறது. பின்னால் ஏழை ஒருவனைப் பாயில் சுருட்டித் தூக்கிப் போகிறார்கள், அழ ஆளில்லை. பணக்காரனின் கதியே தனக்கும் வேண்டும் என்கிறான் தகப்பன். மகன், ஏழையின் கதிதான் உமக்கு வர வேண்டும் என்கிறான். தகப்பனுக்கு வருத்தம். மகன் அவனைப் பாதாளத்துக்கே அழைத்துப் போய்க் காட்டுகிறான். அங்கே ஒரு வாசற்கதவின் குடுமி ஒருவனுடைய வலது கண்ணில் பதிந்து சுழல்கிறது, அவன் அலறுகிறான். அவன்தான் அந்தப் பணக்காரன். ஒஸிரிஸின் அருகே உயர்ந்த துணி உடுத்தி நிற்பவன் அந்த ஏழை. பணக்காரனோடு புதைத்த துணியைத்தான் எடுத்து இவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாயிரம் வருஷம் சுவர் சொல்லத் துணியாததைப் பழைய கணக்குக் காகிதத்தின் பின்பக்கம் சொல்லிவிட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் கண்ணில் திரும்பும் அந்தக் குடுமியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. கதைக்கு ஒரு சௌகரியம் உண்டு. அது எதையும் நடத்திவைக்க வேண்டியதில்லை. நடந்தால் எப்படி இருக்கும் என்று காட்டினால் போதும். யாரையும் காப்பாற்றும் பொறுப்பு அதற்கில்லாததனால் உண்மை சொல்லும் சுதந்திரம் கிடைத்துவிடுகிறது.

இங்கே எழுத்தாளன் கர்வப்பட்டுக்கொள்ளலாம். தெய்ர் எல்-மெதினாக்காரர்களே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். 1928-ல் அங்கே கிடைத்த ஏடுகளில் ஒன்று பழைய எழுத்தாளர்களைப் புகழ்கிறது. கல்லறை இடிந்துபோகும், அதைப் பராமரித்தவர்களும் போய்விடுவார்கள், எழுதியவன் பெயரோ படிக்கிறவன் வாயில் இருக்கும், கட்டிய சமாதியைவிடப் புத்தகமே மேல் என்பது அதன் கருத்து. சமாதி கட்டிப் பிழைத்த ஊரிலிருந்து இந்தக் குரல்! ஆனால் அந்த ஏடு பெயர் சொல்லிப் புகழும் மகான்களில் இம்ஹோதெப்பும் ஒருவன். அவன் எழுதியதாகச் சொல்லும் நூலில் ஒரு வரிகூட இதுவரை கிடைக்கவில்லை. அவன் திட்டமிட்டுக் கட்டியதாகச் சொல்லும் ஜோஸர் அரசனின் படிப் பிரமிடு சக்காராவில் இன்றும் நிற்கிறது. எழுத்தாளனின் கர்வத்துக்கு இந்த ஒரு சமாதியே போதிய பதில்.

ஆகவே சுவரைத் தாழ்த்திச் சில்லை உயர்த்தி இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சில்லில்தான் பார்க்கிறேன். கதையை அந்தக் கணக்குக் காகிதத்தில்தான் பார்க்கிறேன். ஆனால் தனக்கும் தன் மனைவிக்கும் ஒரு கேடும் வரக்கூடாது என்று இருட்டில் உட்கார்ந்து ஒருவன் கோதுமைக் கதிரை ஒவ்வொன்றாகத் தீட்டியிருக்கிறானே, அதைப் பொய் என்று சொல்ல நான் யார்?

எகிப்தியக் கல்லறைகள் பலவற்றில் வழிப்போக்கனுக்கு ஒரு வேண்டுகோள் எழுதியிருக்கும். இந்தப் பெயரை வாய்விட்டுப் படி, வெறும் மூச்சுத்தானே, உனக்கு ஒன்றும் செலவில்லை, எனக்கு அதுவே உணவு என்கிற தோரணையில். நண்பருக்கு அன்று சொல்லத் தெரியாத பதிலை இப்போது சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். அழகா இல்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் சென்னெஜெம், ஈநெஃபெர்தி என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லும். மூவாயிரத்து முந்நூறு வருஷமாக அவர்கள் எதிர்பார்த்திருப்பது அவ்வளவுதான்.